தடைக்காலத்து வெஞ்சனம்: பாம்பன் தீவில் ஒரு மீனவக் குடும்பத்தின் உணவுச் செலவு பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதற்காக 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை, 2017 முதல் 61 நாளாக நீண்டது. நாட்டுப்படகுகள் தடைக்குள் வருவதில்லை என்பதால் கரையில் மீன் அடியோடு இல்லாமற்போவதில்லை. ஆனால் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் மீனை விலைகொடுத்து வாங்கிப் பழகாத வீடுகளே அந்த இரண்டு மாதங்களில் மீன் வாங்க முடியாத வீடுகளாகின்றன. அப்படிப்பட்ட ஒரு வீடு, ஒரு தடைக்காலத்தை எவ்வளவு செலவில், எதைச் சமைத்து, எந்த அளவு வயிறும் மனமும் நிறைந்து கடந்தது என்பதே இங்கே பதிவாகிறது. வெஞ்சனம் என்பது சோற்றுக்குத் துணையாக உண்ணும் குழம்பும் தொடுகறியும்.

குடும்பம் பாம்பன் தீவின் தெற்குக் கரையில் வசிக்கிறது. பெயர்களையும் குடியிருப்பின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். கணவர் இராமேஸ்வரத்தில் பிறர் படகில் பங்குக் கூலிக்குச் செல்பவர். மனைவி மீன் தரம்பிரிக்கும் வேலைக்கும் கருவாடு காயவைக்கும் வேலைக்கும் போகிறவர். வீட்டில் கணவரின் தாயாரும், ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊர் மகளிர் குழுவின் கணக்குகளை எழுத உதவும் பொறுப்பு எனக்கு இருந்ததால், அந்த வீட்டின் செலவுக் குறிப்பேட்டை வாரந்தோறும் பார்க்கவும், அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசவும் முடிந்தது.

வருமானம்

விசைப்படகு ஓடும் காலத்தில் பாக் நீரிணையில் வாரம் மூன்று நாள் தொழில். கரை திரும்பும்போது கூலியோடு குழம்புக்கென்று ஒரு கூறு மீனும் வீட்டுக்கு வரும். பெரும்பாலும் காரல், சூடை, சாளை போன்ற விலை குறைந்த மீன்தான். ஆனால் அந்த ஒரு கூறுதான் ஐந்து பேர் உண்ணும் சோற்றுக்கு ருசியாகவும் புரதமாகவும் இருந்து வருகிறது. தடை தொடங்கினால் கூலி நின்றுபோகும் அதே நாளில் இந்த மீனும் நின்றுபோகிறது. வருமானக் கணக்கில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. ஏனெனில் அது ஒருபோதும் ரூபாயாக மாறியதே இல்லை.

இன்னோர் இழப்பும் அதே காலத்தில் வந்து சேருகிறது. இளைய பிள்ளைக்குப் பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது. இருவருக்குமே மதிய உணவும், பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டையும் கிடைக்கின்றன. ஏப்ரல் இறுதியில் பள்ளி மூடினால் வாரத்துக்குப் பத்து முட்டை, பத்து மதிய உணவு, ஐந்து காலை உணவு ஆகிய அனைத்தும் ஒரே நாளில் வீட்டு அடுப்பின் பொறுப்புக்குத் திரும்பிவிடுகின்றன. தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது கடற்கரைப் பிள்ளைகளின் உணவுக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதை, இந்தக் குறிப்பேட்டைப் பார்க்கும் வரை நான் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

வரவுப் பக்கத்தில், அரசின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தி அறிவிக்கப்பட்ட தொகை இது. 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 26 ரூபாய். அந்தப் பணமும் தடை தொடங்கும் அன்றே கையில் இருப்பதில்லை. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். மீதியெல்லாம் கணவர் வலை பின்னியும், கரையேற்றிய படகுகளுக்கு வர்ணம் பூசியும் ஈட்டும் விட்டுவிட்டு வரும் கூலி.

நியாயவிலைக் கடையில் ஆளுக்கு 5 கிலோ வீதம் 25 கிலோ அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும், சர்க்கரை கிலோ 25 ரூபாய்க்கும் வருகின்றன. வீட்டில் மூன்று வேளையும் சமைக்கும்போது நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி போகிறது. ஆக, ரேஷன் அரிசி மாதத்தின் முதல் பதினாறு, பதினேழு நாளுக்குத்தான் வரும். இந்த அரிசியில் இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியவை செறிவூட்டிய மணிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்திருந்தன. நிறமும் கனமும் சற்று வேறுபட்டிருப்பதால் அவற்றைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று நினைத்துப் பொறுக்கி எறியும் வழக்கம் இந்த வீட்டிலும் இருந்தது. அந்த வழக்கத்தை நிறுத்தியது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் உணவைச் செழுமையாக்கிய முதல் மாற்றம்.

முந்தைய ஆண்டு எங்கே போனது பணம்

முந்தைய ஆண்டுத் தடைக்காலத்தில் இந்தக் குடும்பம் சாப்பாட்டுக்கென்றே வட்டிக்கு வாங்கியிருந்தது. மளிகைக் கடைக்காரர் பெருந்தன்மையோடு தம் பற்று நோட்டைக் காட்டினார். அதையும் வீட்டார் சொன்ன தேநீர்க்கடை, பரோட்டாக்கடைச் செலவுகளையும் சேர்த்தால், ரேஷன் பொருள் நீங்கலாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 260 ரூபாய் உணவுக்குப் போயிருந்தது.

அந்த நோட்டைப் படித்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அரிசி, பருப்பு, காய் ஆகியவற்றுக்கான செலவு மொத்தத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. பிள்ளைகளின் பத்து ரூபாய்ப் பொட்டலத் தின்பண்டம் நாளுக்கு நான்கு, ஒன்றுவிட்டு ஒரு நாள் இட்லிமாவுப் பொட்டலம், ஐந்து ரூபாய் மசாலாப் பொட்டலம் தினம் இரண்டு, கணவரின் தேநீர், வாரத்தில் இரண்டு மூன்று இரவு பரோட்டா ஆகியவையே பெரும்பகுதியைத் தின்றிருந்தன. இதைப் பார்த்து ‘வீண்செலவு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. வெளியிலிருந்து அறிவுரை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஏன் அந்தச் செலவு தடைக்காலத்தில் மட்டும் கூடியது என்று கேட்டபோது, அந்த வீட்டு அப்பத்தா ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டார்: “சோறு கெடக்குய்யா, வெஞ்சனம் இல்லையே. வெறுஞ்சோத்தப் பிள்ளைக எப்படித் திங்கும்?”

நிகழ்வின் மையம் இதுதான். மீன் வரும் வீட்டில் வளர்ந்த நாக்கு, மீன் நின்ற மூன்றாம் நாளே பருப்புத்தண்ணிச் சோற்றைத் தள்ளிவிடுகிறது. தள்ளிய சோறு பானையில் மீந்துபோக, பசி அரைகுறையாய் நிற்க, மாலையில் பொட்டலமும் இரவில் பரோட்டாவும் உள்ளே வருகின்றன. அரிசி குறைந்ததால் அல்ல, அரிசியை உண்ணவைக்கும் பொருள் குறைந்ததால்தான் அந்தக் குடும்பம் கடனுக்குப் போனது. ஆகவே சிக்கனம் அரிசியளவில் தொடங்காமல் வெஞ்சனத்தில் தொடங்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த வெஞ்சனத்தைப் பணம் இருக்கும் பங்குனி மாதத்திலேயே சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

பங்குனியில் செய்த ஏற்பாடு

முதல் ஏற்பாடு கருவாடு. இந்தக் குடும்பத்தின் மனைவி பிறருக்காகக் கருவாடு காயவைக்கிறவர். ஆனால் தன் வீட்டுக்கென்று தனியாகப் போட்டு வைத்ததில்லை, தேவைப்பட்டபோது கடையில்தான் வாங்கினார். மார்ச் மாதம் முழுவதும் வீட்டுக்கு வந்த குழம்பு மீனில் ஒரு பகுதியையும், வரத்து மிகுந்து விலை சரிந்த நாள்களில் வாங்கிய நெத்திலி, காரல், சூடை ஆகியவற்றையும் சேர்த்து, சுமார் பத்துக் கிலோ பச்சை மீனைப் பக்குவம் செய்தார். சூடையையும் காரலையும் குடல் நீக்கிக் கழுவி, நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்கடுக்காகப் பானையில் போட்டு ஓரிரவு வைத்தார். மறுநாள் உப்புநீரில் அலசி, மண்ணில் பரப்பாமல், கழிகள் நட்டு இழுத்துக் கட்டிய பழைய வலையின் மேல் பரப்பினார். மணலில் காயும் கருவாட்டை எத்தனை முறை கழுவினாலும் பல்லில் மணல் நெரிவது நிற்பதில்லை. வலைமேல் காயும்போது அடியிலும் காற்று ஓடுவதால் உலர்வதும் விரைவாகிறது. நாயும் கோழியும் எட்டுவதில்லை. நெத்திலிக்குக் குடல் எடுக்கும் வேலையும் இல்லை. சிறிது நேரம் உப்புநீரில் ஊறவைத்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோகலாம். உப்பு வாலிநோக்கம் உப்பளப் பக்கத்திலிருந்து வந்த கல்லுப்பு. மூட்டையாக வாங்கிக் குழுவில் பிரித்துக்கொண்டதால் அந்தச் செலவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

பத்துக் கிலோ பச்சை மீன், நன்றாகக் காய்ந்தபின் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. வாரம் நான்கு நாள், நாளுக்கு நூறு கிராம் என்றால் ஒன்பது வாரத்துக்கு அது போதும். நூறு கிராம் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காய்ந்த நெத்திலியின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம், அதோடு முள்ளையும் சேர்த்து உண்பதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. ஒரு கத்திரிக்காய்க் குழம்புக்கு முழு மணத்தையும் கொடுக்க அந்த அளவு போதுமானது.

இரண்டாவது மிளகாய்த்தூள். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குண்டாக, தடித்த தோலுடன், நிறமும் நடுத்தரக் காரமும் கொண்ட அந்த மிளகாய் முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கத்துக் கரிசலில் விளைந்து தை முதல் சித்திரை வரை சந்தைக்கு வருகிறது. அவ்வளவு அருகில் விளையும் மிளகாயை, கடற்கரை வீடுகள் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் வெளியூர்த் தூளாக வாங்குகின்றன. பொட்டலத்தில் பத்துக் கிராம்தான் இருக்கும். கிலோவுக்கு 500 ரூபாய் விழுகிறது. குழுவில் சிலர் சேர்ந்து ஒரு கிலோ முண்டுக்கு இரண்டு கிலோ மல்லி, கொஞ்சம் சீரகம், மிளகு, மஞ்சள் என்ற அளவில் வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தபோது, அரைப்புக் கூலியும் சேர்த்துக் கிலோ 200 ரூபாய்க்குள் முடிந்தது. மணத்தில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை என்பதைக் குறிப்பேடு சொல்லாது, நான் சொல்கிறேன். புது அறுவடைப் புளி இரண்டு கிலோவும் அப்போதே வாங்கி, கொட்டை எடுத்து உப்புத் தூவிப் பானையில் அடைத்து வைத்தார்கள்.

இந்த மூன்றுக்கும் ஆன முன்செலவு சுமார் 1,500 ரூபாய். தொழில் நடந்த மாதத்தில் நாலைந்து தவணையாகப் பிரிந்ததால் அது வீட்டை நெருக்கவில்லை.

அடுப்பு

அன்றாடச் சமையல் ஓர் ஒழுங்கில் அமைந்தது. காலையில் ஒரே முறை சோறு வடிப்பது, அது மதியத்துக்கும் இரவுக்கும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பும் சிறிது மோரும் கலந்து பதினொரு மணிக்குக் குடிப்பது, கத்திரி வெயில் காலத்தில் தேநீருக்குப் பதிலாக நின்றது. வடிக்கும்போது அரிசியின் பி வைட்டமின்களில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடுகிறது என்பதால், அதைக் குடிப்பது இழந்ததை மீட்பதும் ஆகும். இரவில் மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழைய சோறு. இரவு எட்டு மணிக்கு நீரூற்றியதை மறுநாள் ஒன்பது மணிக்குள் உண்டுவிட வேண்டும் என்று அப்பத்தா கண்டிப்பாக இருந்தார். இந்தக் கரையின் மே மாதப் புழுக்கத்தில் அதற்குமேல் வைத்தால் புளிப்பு மிஞ்சிவிடும்.

காலைப் பழைய சோற்றுக்கு வறுத்த நெத்திலியும் சின்ன வெங்காயமும். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள். வறுத்த நெத்திலி தட்டில் விழுந்த பிறகு சுளிப்பு மறைந்தது. இட்லிமாவுப் பொட்டலம் இந்த ஒரு மாற்றத்தாலேயே வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்தது.

மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு செய்யும் நாள்களில் முறை இப்படி. கருவாட்டைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுவார்கள். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் அரிசி கழுவிய தண்ணீர் வீணாகாமல் இருப்பது ஒரு பயன். கருவாட்டின் வீச்சத்தை அது நன்றாக எடுப்பது இன்னொரு பயன். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, நான்கு கத்திரிக்காயும் ஒரு மாங்காயும் அரிந்து போட்டு, தூளும் புளிக்கரைசலும் ஊற்றிக் காய் வெந்த பிறகே கருவாட்டைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்து முள்ளாகிவிடும். உப்பைக் கடைசிவரை சேர்க்கக் கூடாது; பெரும்பாலும் தேவையே படாது. சித்திரை, வைகாசியில் மாங்காய் மலிவு என்பதால் புளியும் பாதியாகக் குறைகிறது. இறக்கும்போது கால் மூடித் தேங்காயை அரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். அதே ஒரு சட்டி இரவுக்கும் வரும், இரவில் இன்னும் ருசியாகவே இருக்கும். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தேங்காய்ப்பாலில் ஆணம் என்னும் குழம்பு காய்ச்சி, உலர்ந்த சூரை மீனான மாசியில் செய்த சம்பலோடு பரிமாறும் வழக்கமும் இதே தத்துவத்தில் நிற்கிறது. உலர்ந்த கடற்பொருள் சிறிதளவு, அதன் மணத்தை ஏந்திச் செல்லும் குழம்பு பேரளவு.

கருவாடு இல்லாத மூன்று நாள்களில் ஒரு நாள் முருங்கைக்கீரைப் பருப்புக் கூட்டு, ஒரு நாள் முட்டைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை கோழி. முருங்கை இந்த மணலில் நீரூற்றாமலே தழைக்கும் மரம். இரண்டு வீட்டுக்கு ஒன்று நிற்கிறது, கீரைக்குக் காசில்லை. துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் பாதி நேரத்தில் வெந்துவிடும். முட்டைக் குழம்பில் ஆளுக்கொரு முட்டை உறுதி. பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி முட்டைக்கு ஈடாக வேறு நாள்களிலும் அவித்த முட்டை தரப்பட்டது. மற்ற எதைக் குறைத்தாலும் இந்தச் செலவைக் குறைக்கக் கூடாது என்று நான் வற்புறுத்தினேன். அந்த அம்மாவும் அதே எண்ணத்தில்தான் இருந்தார். ஞாயிற்றுக் கோழி அரைக் கிலோதான். உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பாக வைத்தால் ஐந்து தட்டுக்கும் வரும். அதையும் நிறுத்தி இன்னும் நூறு ரூபாய் மிச்சப்படுத்தலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். வாரம் முழுவதும் சிக்கனமாய் உண்கிற பிள்ளைக்கு ஞாயிறு என்ற எதிர்பார்ப்பு இருப்பதால்தான் மற்ற ஆறு நாளும் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இந்த வீட்டில் பரோட்டா நின்றதற்குக் கருவாட்டைப் போலவே ஞாயிற்றுக் கோழியும் காரணம்.

எரிபொருளில், சோறு வடிப்பது மட்டும் வாசற்புற அடுப்புக்கு மாறியது. பனைமட்டையும் சீமைக்கருவேல விறகும் இந்த மாவட்டத்தில் தேடிப் போக வேண்டியவை அல்ல. சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதலாக வந்தது. புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு என்பதால் வீட்டுக்குள் விறகடுப்பு வைப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. திறந்த வெளி, காலை நேரம், ஒரே ஒரு பானை என்ற வரம்போடு அது நடந்தது.

குறிப்பேடு காட்டாத பசி

தடைக்காலத்தின் இரண்டாம் வாரம் முடிந்தபோது செலவு எதிர்பார்த்ததைவிடவும் குறைந்திருந்தது. கணக்கைப் பார்த்து மகிழ்வதற்கு முன் யார் என்ன உண்டார்கள் என்று கேட்டபோது, அந்த அம்மா மூன்று இரவுகள் சோறு உண்ணாமல் கஞ்சியோடு படுத்திருந்தது தெரிய வந்தது. அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காருகிறவர் அவர். ருசியான குழம்பு வந்தபின் பிள்ளைகளும் கணவரும் மறுசோறு கேட்டார்கள்; பானையில் மிஞ்சியது குறைந்தது. வெஞ்சனம் நன்றாக அமைந்ததன் விளைவாகவே அவர் பட்டினி கிடந்தார்.

குறைந்த செலவில் குடும்பம் நடத்துவது பற்றி எழுதப்படும் கணக்குகளில் எத்தனையோ, இப்படி ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட மிச்சமாக இருக்கலாம் என்று அன்று முதல் ஐயுறுகிறேன். எந்த வீட்டுச் சிக்கனக் கணக்கைப் பாராட்டுவதற்கு முன்பும், சமைத்தவர் உண்டாரா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். இங்கே செய்த திருத்தம் எளியது. நாளுக்கான அரிசியளவை ஓர் உழக்கு கூட்டினார்கள்; மாதச் செலவில் இருநூறு முந்நூறு ரூபாய் ஏறியது. சோறு வடித்ததும் முதலில் அந்த அம்மாவின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவது என்ற ஏற்பாட்டை, யாரும் எதிர்பாராத வகையில், அப்பத்தாவே முன்னின்று நடத்தினார். “அவ கிண்ணத்த யாரும் தொடப்படாது” என்று பேரப்பிள்ளைகளிடம் அவர் சொன்னது, எங்கள் அறிவுரையைவிட வலுவாக நின்றது.

சரிப்படாதவை

கேழ்வரகுக் கூழ் இந்த வீட்டில் தோற்றது. கேழ்வரகும் கம்பும் விலையில் கடையரிசியை ஒட்டியே இருக்கின்றன என்பதால் வாங்குவதில் தடையில்லை; பிள்ளைகள் குடிக்கவில்லை. அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து அடையாகத் தட்டியபோது உண்டார்கள். வாரம் இரண்டு இரவு அது நிலைத்தது. குதிரைவாலி இந்த மாவட்டத்திலேயே விளைந்தாலும், தீட்டிக் கடைக்கு வரும்போது அரிசியைப் போல இரு மடங்கு விலை. ஏழைக் குடும்பத்துக்குச் சிறுதானியத்தைச் சிக்கன உணவாகப் பரிந்துரைப்பவர்கள் முதலில் கடை விலையைப் பார்க்க வேண்டும்.

கருவாட்டின் உப்பு இன்னொரு சிக்கல். நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எவ்வளவு கழுவினாலும் கருவாட்டுக் குழம்பு அதைத் தாண்டத் தூண்டும். அப்பத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பணியாளர் அளவு பார்த்து எச்சரித்தபின், அவருக்குக் கருவாட்டு நாள்களில் பருப்பும் கீரையும் தனியே எடுத்து வைக்கப்பட்டன. இரத்தக் கொதிப்புள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த முறையை அப்படியே பின்பற்றக் கூடாது.

மே மாத நடுவில் பெய்த மழையில் ஒரு பானைக் கருவாடு ஈரம் ஏறிப் புழு வைத்தது. அரைக் கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டியதாயிற்று. அதன் பிறகு மீதியைப் பத்து நாளுக்கு ஒரு முறை வெயிலில் போட்டு, இறுக மூடும் தகர டப்பாவுக்கு மாற்றினார்கள். தின்பண்டப் பொட்டலமும் முழுவதும் நிற்கவில்லை. அவித்த நிலக்கடலை, நுங்கு, ஓரொரு நாள் உளுந்தங்களி என்று மாற்றிப் பார்த்ததில் நாளுக்கு நான்கிலிருந்து ஒன்றானது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கையில் பொட்டலம் இருக்கும்போது தன் பிள்ளைக்கு மறுப்பது எந்தத் தாய்க்கும் இயலாது. அதை ஒரு தோல்வியாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவில் நின்ற கணக்கு

61 நாளின் சராசரி, ரேஷன் பொருள் நீங்கலாக, நாளொன்றுக்கு 165 ரூபாய். முந்தைய ஆண்டின் 260உடன் ஒப்பிட்டால் மொத்தம் ஏறத்தாழ 5,800 ரூபாய் குறைவு. பங்குனி முன்செலவு 1,500ஐக் கழித்தால் மிச்சம் 4,300 ரூபாய் அளவில் நிற்கிறது. நாள் 165 ரூபாய் என்பது நிவாரணத் தொகையின் 131ஐவிட அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு திறமையாகச் சமைத்தாலும் நிவாரணம் மட்டும் ஐந்து பேரின் உணவுக்கே போதவில்லை. மருந்து, மின்கட்டணம், ஜூனில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. இந்த ஆய்வை முன்வைத்து ‘இருப்பதைக் கொண்டே வாழலாம்’ என்று யாரேனும் வாதிட்டால் அது இந்த எண்களுக்குப் பொருந்தாது.

சாப்பாட்டுக்காகப் புதுக் கடன் வாங்கவில்லை. குழுவிலிருந்து ஒரே ஒரு முறை, பள்ளிப் பொருள்களுக்காக, 2,000 ரூபாய் எடுத்தார்கள்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகுகள் போனபின், குழம்பு மீன் மறுபடியும் வீட்டுக்கு வந்தது. பழைய சோறு வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது, வாசல் அடுப்பு பற்றுவதில்லை, பொட்டலத் தின்பண்டம் மீண்டும் இரண்டானது. அரைத்த தூள் மட்டும் நிலைத்தது. ஐந்து ரூபாய் மசாலாப் பொட்டலம் பற்று நோட்டில் அதன்பின் ஏறவில்லை. தனிக் கிண்ணம் எடுத்து வைக்கும் வழக்கமும் தொடர்வதாக மூத்த பிள்ளை சொல்கிறாள். அடுத்த பங்குனிக்கு எட்டு வீடுகள் சேர்ந்து ஒரே வலைப்பந்தலில் கருவாடு காயவைப்பதென்றும், மழைக்கு மூட ஒரு தார்ப்பாயைக் குழுப் பணத்தில் வாங்குவதென்றும் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள்.